காசு கொடுத்து வாங்கிய கேமை லாஞ்சர் இல்லாமல் ஆடினால் குற்றமா?

கேள்வி: வணக்கம் மேடம். தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இருக்கிறேன். கம்ப்யூட்டர் கேம் என்றால் எனக்கு உயிர். சம்பளம் வாங்க ஆரம்பித்ததிலிருந்து ஒரு வெளிநாட்டு ஆன்லைன் கடையில் காசு கொடுத்துத்தான் கேம் வாங்குகிறேன். திருட்டுப் பிரதியைத் தொட்டதில்லை. ஆனால் அந்தக் கடையின் லாஞ்சரை, அதாவது கேம்களைத் திறக்க அவர்கள் தரும் மென்பொருளைத் திறந்து லாகின் செய்தால்தான் கேம் ஓடுகிறது. எங்கள் ஊரில் மழை பெய்தாலே நெட் போய்விடும். அப்போது தனியாக ஆடும் கேமைக்கூடத் திறக்க முடிவதில்லை. கேம் இருக்கும் ஃபோல்டரைத் தம்பியின் லேப்டாப்பில் காப்பி செய்து பார்த்தேன். சில கேம்கள் லாஞ்சர் இல்லாமலே ஓடின, சில ஓடவில்லை. ஓடாதவற்றுக்கு, "ஒரு ஃபைலை மாத்திப் போட்டாப் போதும், ஐந்நூறு ரூபாய் கொடுங்க" என்கிறார் டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். செய்யலாமா? போலீஸ் கேஸ் ஆகுமா? வாங்கும்போது 'சம்மதம்' என்ற பட்டனை அழுத்தியிருக்கிறேன். கேம் விற்கப்படவில்லை, உரிமம்தான் தரப்படுகிறது என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த ஆன்லைன் கடை மீது வழக்குப் போட முடியுமா?

பதில்: முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். உங்கள் காசில் வாங்கிய கேமை, உங்கள் கம்ப்யூட்டரில், நீங்கள் மட்டும் லாஞ்சர் இல்லாமல் ஆடுவது இந்தியச் சட்டப்படி குற்றம் ஆகாது என்பதே என் கருத்து. ஆனால் கம்ப்யூட்டர் கடைக்காரர் சொல்வதைச் செய்யாதீர்கள். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

லாஞ்சர் இல்லாமலே ஓடிய கேம்களில் சட்டச் சிக்கல் என்று பெரிதாக எதுவும் இல்லை. பலரும் நினைப்பதுபோல எல்லா கேமுக்கும் பூட்டு, அதாவது லாஞ்சர் இல்லாமல் ஓடவிடாத தொழில்நுட்பத் தடை, கிடையாது. ஸ்டீம் போன்ற கடைகளில்கூடப் பூட்டு போடுவதா வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் கேமைத் தயாரித்தவர்தான் முடிவு செய்கிறார். பூட்டு போடாத கேமுக்கு லாஞ்சர் என்பது டவுன்லோடு செய்யவும் அப்டேட் செய்யவும் ஒரு வழி, அவ்வளவுதான். ஃபோல்டருக்குள் போய் கேமின் எக்ஸ்இ ஃபைலை நேராகச் சொடுக்கினால் ஓடும். நீங்கள் எதையும் உடைக்கவில்லை, எதையும் ஏமாற்றவில்லை. அந்த ஃபோல்டரை ஒரு ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(ஏஏ), கம்ப்யூட்டர் நிரலைப் பாதுகாப்புக்காகப் பிரதி எடுத்து வைக்க வெளிப்படையாகவே அனுமதி தருகிறது.

இனி, 'விற்கவில்லை, உரிமம்தான்' என்ற அந்த வரிக்கு வருகிறேன். உங்களைப் போன்றவர்களை அதிகம் மிரட்டுவது இந்த வரிதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் இந்த வரிக்குப் பெரிய பலம் உண்டு. அங்கே பதிப்புரிமைச் சட்டத்தின் 117ஆம் பிரிவு, மென்பொருளைப் பிரதி எடுக்கும் உரிமையைப் பிரதியின் 'சொந்தக்காரருக்கு'த் தருகிறது. உரிமம் மட்டும் பெற்றவர் சொந்தக்காரர் அல்ல என்று 2010இல் வெர்னர் எதிர் ஆட்டோடெஸ்க் வழக்கில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. யூடியூபில் அமெரிக்கர்கள் 'இது சட்டவிரோதம்' என்று சொல்வதைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் பேசுவது அவர்களுடைய சட்டத்தை.

நம் சட்டம் அப்படி எழுதப்படவில்லை. 52(1)(ஏஏ) பிரிவு 'சொந்தக்காரர்' என்று கேட்கவே இல்லை. பிரதியைச் 'சட்டப்படி கைவசம் வைத்திருப்பவர்' என்றுதான் சொல்கிறது. அப்படிப்பட்டவர், எந்த நோக்கத்துக்காக அந்த நிரல் தரப்பட்டதோ அந்த நோக்கத்துக்குப் பயன்படுத்துவதற்காகப் பிரதி எடுக்கலாம், தேவைப்பட்டால் தழுவி மாற்றவும் செய்யலாம். நீங்கள் காசு கட்டி, ரசீது வாங்கி, கடையே தந்த வழியில் டவுன்லோடு செய்திருக்கிறீர்கள். அது உரிமமாகவே இருக்கட்டும். உரிமம் பெற்றவரும் சட்டப்படி வைத்திருப்பவர்தான். கேம் எதற்காகத் தரப்பட்டது? ஆடுவதற்காக. அதோடு நிற்காமல் 52(1)(ஏடி) என்ற உட்பிரிவு, நேர்மையாகப் பெற்ற பிரதியிலிருந்து வியாபாரம் அல்லாத சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுப்பதையும் மாற்றி அமைப்பதையும் தனியாக அனுமதிக்கிறது.

ஒரு நுணுக்கம் உண்டு. கேம் என்பது நிரல் மட்டும் இல்லை. அதற்குள் இசை இருக்கிறது, ஓவியம் இருக்கிறது, காட்சி இருக்கிறது. நான் சொன்ன இரண்டு உட்பிரிவுகளும் நிரலுக்கு மட்டும்தான். மற்றவற்றுக்கு 52(1)(ஏ) கைகொடுக்கும்: சொந்த உபயோகத்துக்காக நியாயமான அளவில் பயன்படுத்துவது மீறல் ஆகாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் முழு கேமும் உள்ளே வந்துவிடுகிறது.

அப்படியானால் ஓடாத கேம்கள்? அவற்றில் பூட்டு இருக்கிறது. தொழில்நுட்பப் பூட்டை உடைப்பது பற்றிய 65ஏ பிரிவு 2012 திருத்தத்தில் வந்தது. தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. கேட்கப் பயமாகத்தான் இருக்கும், ஆனால் பிரிவின் வார்த்தைகளைக் கவனியுங்கள். 'பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு' உடைத்தால்தான் குற்றம். அடுத்த உட்பிரிவு இன்னும் தெளிவு: இந்தச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத ஒரு நோக்கத்துக்காக உடைப்பதை முதல் உட்பிரிவு தடுக்காது என்கிறது. வாங்கிய கேமைத் தனியாக ஆடுவதை இந்தச் சட்டம் எங்கேயும் தடை செய்யவில்லை. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணத்தை இப்படிக் கேட்பதில்லை. அங்கே உடைப்பதே தப்பு. அதற்கு விலக்கு வேண்டுமென்றால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மனுப்போட்டு வாங்க வேண்டும். நம் பாராளுமன்றம் எண்ணம் என்ற நிபந்தனையை வைத்ததை நான் மனதார வரவேற்கிறேன். காசு கொடுத்தவனையும் திருடியவனையும் ஒரே கூண்டில் ஏற்றக் கூடாது.

எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருக்க மாட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். 'லாஞ்சர் வழியாக ஆடுவதற்குத்தான் இந்த கேம் தரப்பட்டது, அதைத் தாண்டினால் சட்டப்படி வைத்திருப்பவர் என்ற தகுதியே போய்விடும்' என்று வாதிடுவார். அந்த வாதம் நிற்காது என்பது என் கருத்து. குற்றவியல் சட்டத்தில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான். ஆனாலும் நானாக இருந்தால், வேறு எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான் பூட்டில் கை வைப்பேன்.

கடைக்காரர் விஷயம் இங்கேதான் வருகிறது. அவர் மாற்றிப் போடப்போகும் அந்த ஃபைல் எங்கிருந்து வருகிறது? அநேகமாகக் கிராக் போட்ட, அதாவது பூட்டை உடைத்த, யாரோ ஒருவரின் திருட்டுப் பிரதியிலிருந்து. அதைப் போட்ட நொடியில் நீங்கள் உங்கள் பிரதியை ஆடவில்லை, மீறல் பிரதியை ஆடுகிறீர்கள். 63பி பிரிவின்படி, மீறல் பிரதி என்று தெரிந்தே ஒரு நிரலைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். லாப நோக்கம் இல்லையென்றால் நீதிபதி காரணத்தை எழுதிவைத்து, சிறை இல்லாமல் ஐம்பதாயிரத்துக்குள் அபராதத்தோடு விட இடம் உண்டு. ஆனால் அந்தத் தயவை நம்பி இறங்க வேண்டுமா? பதிப்புரிமை மீறலுக்கான 63ஆம் பிரிவுக் குற்றத்தில் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், அது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022 மே மாதம் நிட் புரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டோரண்ட் என்ற ஃபைல் பகிர்வு முறையில் முழு கேமை இறக்குவோருக்கும், 'நான்தான் ஏற்கெனவே வாங்கிவிட்டேனே' என்று சமாதானம் சொல்லிக்கொள்வோருக்கும் இதே எச்சரிக்கை. டோரண்டில் நீங்கள் இறக்கும்போதே மற்றவர்களுக்கு விநியோகமும் செய்கிறீர்கள். சொந்த உபயோகம் என்ற காப்பு அங்கேயே போய்விடுகிறது.

இன்னொன்று, அடுத்தவருக்காகப் பூட்டைத் திறந்து கொடுப்பவர், யாருக்குத் திறந்து கொடுத்தாரோ அவருடைய பெயர், முகவரி, எதற்காகத் திறந்தார் என்பதையெல்லாம் முழுப் பதிவாக வைத்திருக்க வேண்டும் என்று 65ஏ சொல்கிறது. ஐந்நூறு ரூபாய்க்கு வேலை செய்யும் கடையில் அப்படி ஒரு நோட்டு இருக்காது. அவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. அந்த ஃபைலோடு என்ன வைரஸ் வரும் என்பது தனிக் கவலை.

தம்பியின் லேப்டாப்பை நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. நீங்களே உட்கார்ந்து சோதித்துப் பார்த்தது வேறு. அந்தப் பிரதியைத் தம்பி தனியாக ஆட, அதே நேரம் நீங்கள் இங்கே ஆட ஆரம்பித்தால், அது உங்கள் 'சொந்த உபயோகம்' இல்லை. ஒரு பிரதிக்குக் காசு கொடுத்து இரண்டாக்கியது ஆகிவிடும். சோதனை முடிந்ததும் அங்கிருந்து அழித்துவிடுங்கள். வீட்டாரோடு பகிர்ந்துகொள்ள உங்கள் கடையில் முறையான ஏற்பாடு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

சரி, குற்றம் இல்லை என்றால் எல்லாம் முடிந்ததா? இல்லை. நீங்கள் அழுத்திய 'சம்மதம்' ஓர் ஒப்பந்தம். மின்னணு முறையில் செய்யும் ஒப்பந்தம் செல்லும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 10ஏ பிரிவு சொல்கிறது. நிரலை மாற்றக் கூடாது, பூட்டைத் தாண்டக் கூடாது என்று பெரும்பாலும் அதில் எழுதியிருப்பார்கள். அதை மீறினால் போலீஸ் வராது. ஆனால் கடை உங்கள் கணக்கை மூடிவிடலாம். இத்தனை வருடம் சேர்த்த கேம்கள் எல்லாம் ஒரே நாளில் போகும். நிஜமான ஆபத்து இதுதான், சிறை அல்ல. அதிலும் நெட்டில் பலரோடு ஆடும் கேம்களின் ஃபைல்களைத் தொடவே தொடாதீர்கள். ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கும் மென்பொருள் உங்கள் நோக்கத்தை விசாரித்துக்கொண்டிருக்காது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வொரு கேமுக்கும் பூட்டு உண்டா என்று பார்ப்பது. பிசிகேமிங்விக்கி தளத்தில் பெரும்பாலான கேம்களுக்கு இந்த விவரம் இருக்கிறது. அப்புறம் லாஞ்சரின் ஆஃப்லைன் முறை. நெட் இருக்கும்போதே ஒவ்வொரு கேமையும் ஒரு தடவை திறந்து மூடிவிட்டு, அதன்பிறகு ஆஃப்லைனுக்கு மாற்றினால் உங்கள் மழைக்காலப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். இனி வாங்கும்போது, நெட் இல்லாமலே நிறுவக்கூடிய தனி ஃபைலாகத் தரும் கடை இருக்கிறதா என்று பாருங்கள். போலந்தில் இருந்து 2008 முதல் இயங்கும் ஜிஓஜி அப்படித்தான் தருகிறது. அதன் லாஞ்சரை நிறுவியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஆன்லைன் கடை மீதான புகார் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வாங்கும் பக்கத்தில் 'எப்போதும் நெட் வேண்டும்' என்றோ 'இன்னொரு லாஞ்சரும் வேண்டும்' என்றோ சொல்லியிருந்தார்களா? இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சொல்லியிருந்தால் உங்கள் வழக்கு பலவீனம். மறைத்திருந்தால் அது நியாயமற்ற வணிக நடைமுறை; நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்கள் பக்கம். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், இந்தியாவில் அலுவலகம் இல்லாமலே இங்குள்ளவர்களுக்குத் தொடர்ந்து விற்கும் நிறுவனங்களுக்கும் பொருந்தும். டிஜிட்டல் பொருள்களுக்கும் பொருந்தும். எனவே முதலில் கடையின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதன் பிறகு தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. 'வழக்கை வெளிநாட்டில்தான் நடத்த வேண்டும்', 'மத்தியஸ்தத்துக்குத்தான் போக வேண்டும்' என்ற ஷரத்துகளைப் பார்த்து ஒதுங்க வேண்டாம். மத்தியஸ்த ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் நீதிமன்றக் கதவு திறந்தே இருக்கும் என்று 2018இல் எமார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. ஒப்பந்தத்தின் ஷரத்தே அநியாயமானது, காரணமில்லாமல் கணக்கை மூடும் உரிமையை அவர்களே வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வாதிட வேண்டுமானால் மாவட்ட ஆணையத்தால் முடியாது. மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். உங்களுக்கு மதுரை அமர்வு பக்கம்.

வெளிநாட்டு நிறுவனத்துக்கு நோட்டீஸ் சேர்ப்பதும், தீர்ப்பு வந்தபின் பணத்தை வசூலிப்பதும் சிரமமான வேலை. விலை குறைந்த ஒரு கேமுக்காக இறங்கினால் அலைச்சல்தான் மிஞ்சும். கணக்கையே மூடிவிட்டார்கள் என்றால் நிச்சயம் இறங்குங்கள். வாங்கிய ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம், வாங்கிய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், கேம் திறக்காதபோது வந்த பிழைச் செய்தியின் தேதியோடு கூடிய படம், கடையோடு நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் இப்போதே ஒரு இடத்தில் சேர்த்து வையுங்கள். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். உங்கள் கேம்களில் எது எப்போது திறக்காமல் போனது என்று தேதி வாரியாக எழுதிக்கொண்டு, அதன் பிறகு வக்கீலைப் பாருங்கள்.