சுவா சூ காங் தம்பிக்கு: வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பது பற்றி

தம்பி, சிங்கப்பூரில் நிரந்தரவாசம் கிடைத்து மூன்று ஆண்டு காத்திருந்து, சுவா சூ காங்கில் நான்கறை மறுவிற்பனை வீடு வாங்கியிருக்கிறீர்கள். வங்கிக் கடன் 400,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 25 ஆண்டு. வீட்டுச் செலவுகளை இறுக்கிப் பிடித்தால் பத்தே ஆண்டில் அடைத்துவிட முடியுமா, எந்த பில்லில் முதலில் கை வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் என் கணவரும் 2004இல் ஈசூனில் வீடு வாங்கினோம். 170,000 வெள்ளிக் கடனை 2018இல் அடைத்து முடித்தோம். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. வங்கி வட்டி ஏறி இறங்கும் என்பதால், அரசு வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கடனுக்குப் பல ஆண்டுகளாக இருந்துவரும் 2.6 விழுக்காட்டை வைத்தே போட்டுப் பார்த்தேன். உங்கள் மாதத் தவணை ஏறத்தாழ 1,815 வெள்ளி வரும். பத்து ஆண்டில் முடிக்க வேண்டுமென்றால் மாதம் 3,790 வெள்ளி கட்ட வேண்டும். ஏறக்குறைய இரண்டாயிரம் வெள்ளி கூடுதல். மின்சாரம், தண்ணீர், மளிகை என்று எதைக் குறைத்தாலும் அந்தத் தொகை வராது. இதைச் சொல்வதால் மனம் தளர வேண்டாம். மாதம் 300 வெள்ளி மட்டும் கூடுதலாகக் கட்டினால் கடன் 20 ஆண்டு நான்கு மாதத்தில் முடிந்துவிடும், வட்டியில் ஏறத்தாழ 29,000 வெள்ளி மிஞ்சும். அதோடு ஆண்டு இறுதி போனஸில் 5,000 வெள்ளியையும் போட்டுவந்தால் 16 ஆண்டை ஒட்டி முடியும். பத்து ஆண்டு என்று நாள் குறித்துக்கொண்டு வீட்டில் எல்லோரையும் வாட்டுவதைவிட, இந்த 300 வெள்ளியை ஒரு மாதமும் தவறாமல் எடுத்து வைப்பதையே உங்கள் இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 300 வெள்ளி எங்கே இருக்கிறது? எங்கள் வீட்டில் பெரும்பகுதி ஏசியில் இருந்தது. இரண்டு படுக்கையறையிலும் இரவு முழுக்க ஓடும். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த காலத்தில் எல்லோரும் ஒரே அறையில் படுத்தோம். 25 டிகிரியில் வைத்து, மூன்று மணி நேரத்தில் தானாக அணையும்படி செய்துவிட்டு, விடியும்வரை மின்விசிறியை ஓடவிட்டோம். அடுத்த மாதமே பில்லில் 70, 80 வெள்ளி இறங்கியது. யூனிட்டுக்கு 30 காசை ஒட்டி விற்கும் இந்த நாளில் உங்களுக்கும் அந்த அளவு இறங்க வாய்ப்பு உண்டு. மின்சாரத்தைத் தனியார் விற்பனையாளரிடம் ஒப்பந்தம் போட்டும் வாங்கலாம், ஒப்பிட்டுப் பாருங்கள்.

தண்ணீரை வீணாக்காமல் இருப்பது நல்ல பழக்கம். ஆனால் ஒரு கன மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர், வரிக்கு முன் 3.24 வெள்ளிதான். மாதம் இரண்டாயிரம் லிட்டர் குறைத்தாலும் ஏழு வெள்ளிதான் மிஞ்சும். அதற்காகக் குளிக்கும் பிள்ளையைக் கதவு தட்டி விரட்ட வேண்டாம். இன்னொன்று, பக்கத்து வீட்டுக்காரரின் பில்லோடு உங்கள் பில்லை ஒப்பிடாதீர்கள். பில்லில் அரசு கழித்துத் தரும் யூ-சேவ் தள்ளுபடியும், கடைகளில் செலவழிக்கத் தரும் சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டும் குடிமக்கள் இருக்கும் குடும்பங்களுக்கு உரியவை. உங்கள் வீட்டில் எல்லோரும் நிரந்தரவாசிகள் என்றால் குடியிருப்புப் பராமரிப்புக்கான நகர மன்றக் கட்டணத்திலும் சலுகை விகிதம் கிடைக்காது. நீங்கள் ஊதாரித்தனமாக இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சாப்பாட்டில் வெட்டாதீர்கள். வெளியில் சாப்பிடுவதைக் குறைத்தால் போதும், பிள்ளைகளின் தட்டில் இருக்கும் மீனையும் பழத்தையும் குறைக்கக் கூடாது. ஊரிலிருந்து ஒரு கிரைண்டர் கொண்டுவந்து வீட்டிலேயே மாவு அரைத்தோம். காய்கறிக்கு மாதம் இரண்டு முறை தேக்கா சந்தை, மற்ற நாள்களில் வீட்டருகே உள்ள ஈரச்சந்தை. துணைப்பாட வகுப்புதான் பல குடும்பங்களில் ஏசியைவிடப் பெரிய ஓட்டை. மூன்று பாடத்துக்கு மூன்று ஆசிரியர் என்று சேர்க்கும் முன், சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா குறைந்த கட்டணத்தில் நடத்தும் வகுப்புகளை விசாரியுங்கள். என் மகள் அதில்தான் படித்தாள். நூலகத்தில் நிரந்தரவாசிகளுக்கும் உறுப்பினர் கட்டணம் கிடையாது, தமிழ்ப் புத்தகங்களும் நிறைய இருக்கின்றன.

இதையெல்லாம் விடப் பெரிய செலவு ஒன்று உங்கள் பட்டியலில் இல்லை, தம்பி. ஊருக்குப் போகும் செலவு. கும்பகோணத்துக்கு ஒருமுறை போய்வந்தால் டிக்கெட் பணம் பாதிதான், மீதிப் பாதி பெட்டிக்குள் இருக்கும். முஸ்தபா கடையில் இரவு பதினொரு மணிக்கு நின்றுகொண்டு, பெரியப்பா வீட்டுக்கு இத்தனை சாக்லேட், எதிர்வீட்டுக்கு இத்தனை கோடாலித் தைலம், நாத்தனாருக்குக் கைப்பை என்று பட்டியல் போட்டு வாங்குவேன். 2006இல் அப்படி ஒரு பயணத்துக்குக் கடன் அட்டையில் தேய்த்த பணத்தை அடைக்க எட்டு மாதம் ஆனது. வீட்டுக் கடனுக்கு 3 விழுக்காடுகூட இல்லாத வட்டி கட்டிக்கொண்டு, அட்டைக் கடனுக்கு 24 விழுக்காடு கட்டினோம். அதைத் தாளில் எழுதிப் பார்த்த இரவில் நான் அழுதேன்.

அடுத்த முறை அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். வீட்டுக் கடன் எவ்வளவு, தவணை எவ்வளவு, கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே, நீ கை நிறைய வைத்திருக்கிறாய் என்றல்லவா நாங்கள் நினைத்தோம்" என்றார். அதற்குப் பிறகு பெட்டி பாதியானது. மாதந்தோறும் அம்மாவுக்கு அனுப்பும் பணத்தை மட்டும் நாங்கள் குறைக்கவே இல்லை, நீங்களும் குறைக்காதீர்கள். அது அவர்களுடைய மருந்துப் பணம்.

மிச்சம் பிடித்த பணம் சம்பளக் கணக்கிலேயே கிடந்தால் கரைந்துவிடும். சம்பளம் வந்த அன்றே 300 வெள்ளி தானாக வேறு கணக்குக்குப் போகும்படி செய்துவிடுங்கள். அதில் முதலில் ஆறு மாதத் தவணையும் குடும்பச் செலவும் சேரட்டும். அதற்கு மேல் சேர்வதுதான் கடனுக்கு.

இங்கேதான் நாங்கள் ஒரு தவறு செய்தோம். கையில் 10,000 வெள்ளி சேர்ந்ததும் ஆசை ஆசையாகக் கொண்டுபோய்க் கட்டினோம். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் விதிக்கும் லாக்-இன் காலத்தில் கட்டியதால் 150 வெள்ளி அபராதம் போட்டார்கள். ஒப்பந்தத்தில் ஒன்றரை விழுக்காடு என்று எழுதியிருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை. அதோடு, பணம் கட்டியபின் காலத்தைக் குறைக்காமல் மாதத் தவணையைக் குறைத்து அனுப்பிவிட்டார்கள். நூறு நூறாகக் குறைந்த தவணையைப் பார்த்து மகிழ்ந்து, அந்த நூறையும் செலவழித்துவிட்டோம். நீங்கள் கட்டும்போது, தவணை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பகுதித் தொகையாகக் குறைந்தது எவ்வளவு கட்ட வேண்டும், எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பதையும் கேட்டுவையுங்கள். வீவக கடனில் இந்த அபராதம் கிடையாது, ஆனால் குடும்பத்தில் ஒருவராவது குடிமகனாக இருந்தால்தான் அந்தக் கடன் கிடைக்கும்.

சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மத்திய சேம நிதியில், வீட்டுக்குப் பயன்படுத்தக்கூடிய சாதாரணக் கணக்கில் இருப்பதை வழித்தெடுத்து மொத்தமாகக் கட்டிவிடலாம் என்று உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். அந்தப் பணத்துக்கு அங்கேயே 2.5 விழுக்காடு வட்டி கிடைக்கிறது. பின்னாளில் வீட்டை விற்றால், எடுத்த தொகையையும் அதற்குச் சேர்ந்திருக்க வேண்டிய வட்டியையும் கணக்கில் திருப்பி வைக்க வேண்டும். கடன் வட்டி இரண்டரையைத் தாண்டி நன்றாக ஏறினால் ஒரு பகுதியை எடுத்துக் கட்டுவதில் நியாயம் உண்டு, முழுவதையும் அல்ல. 2009இல் என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்தது. ஐந்து மாதம் அவருக்குச் சம்பளம் இல்லை. அந்த ஐந்து மாதத் தவணையும் அவருடைய சாதாரணக் கணக்கிலிருந்தே போனது. நாங்கள் அதைத் தொடாமல் வைத்திருந்ததால்தான் வீடு எங்களிடம் நின்றது. வீவக கடன் எடுப்பவர்கள்கூட ஆளுக்கு 20,000 வெள்ளிவரை அந்தக் கணக்கில் விட்டுவைக்கலாம் என்று விதியே இருக்கிறது. வங்கிக் கடன் எடுத்த உங்களுக்கு அந்த இருப்பு இன்னும் அவசியம்.

கடைசியாக வட்டி விகிதம். 2020, 2021இல் ஒன்றரை விழுக்காட்டுக்கும் கீழே வீட்டுக் கடன் கிடைத்தது. 2022 முடிவதற்குள் நிலையான வட்டித் திட்டங்கள் 4 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன. எங்கள் மாடியில் இருந்த ஒரு குடும்பத்துக்குத் தவணை திடீரென்று பல நூறு வெள்ளி கூடியது. 400,000 வெள்ளிக் கடனில் அரை விழுக்காடு என்பது முதல் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 2,000 வெள்ளி. ஆண்டு முழுக்க ஏசியில் மிச்சம் பிடிப்பதைவிட அது பெரிது. ஆகவே இன்றிரவு உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து லாக்-இன் எந்த மாதம் முடிகிறது என்று பாருங்கள். அதற்கு நான்கு மாதம் முன்பிருந்தே உங்கள் வங்கியிடமும் வேறு இரண்டு வங்கிகளிடமும் விகிதம் கேளுங்கள், ஏனென்றால் வங்கி மாற மூன்று மாத முன்னறிவிப்பு கேட்பது வழக்கம். அந்த மாதம் எது என்று எனக்கு எழுதுங்கள், தம்பி. புதிய தவணைக் கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம்.