யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு பிரெஞ்சு இலக்கியத்தில் முதுகலை படிக்க ஆசைப்படலாமா?

கேள்வி கேட்டவர் ஆங்கிலத்தில் பட்டம் முடித்தவர். பிரெஞ்சில் பி1 வரை (ஏ1இல் தொடங்கி சி2 வரை போகும் ஆறு மொழித் தரங்களில் மூன்றாவது) வந்திருக்கிறார். பிரான்ஸில் இலக்கியம் படிக்க விருப்பம், வீட்டில் "அது என்னத்துக்கு?" என்கிறார்களாம். என் கதையும் கிட்டத்தட்ட இதுதான் என்பதால் எழுதுகிறேன்.

ஆசைப்படலாம். ஆனால் பி1 உடன் விண்ணப்பம் போட்டுக் காசைக் கரைக்க வேண்டாம். பெரும்பாலான இடங்களில் பி2 கேட்பார்கள், இலக்கியத்துக்குச் சில இடங்களில் சி1. டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழிச் சான்றிதழின் பி2 சோதனை 100 புள்ளிக்கு: கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல், ஒவ்வொன்றும் 25. மொத்தம் 50 எடுத்தால் சித்தி, ஆனால் ஏதாவது ஒரு பகுதியில் 5க்குக் கீழே இறங்கினால் மற்றதெல்லாம் வீண். இதற்காக நான் ஒன்றரை வருடம் வெள்ளி இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், சனி ஞாயிறு வகுப்பு முடித்து, திங்கள் விடியப்புறம் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினேன். இப்போது இணையத்திலேயே வகுப்பு இருக்கிறது, அந்த முதுகுவலி உங்களுக்கு மிச்சம்.

பி2 கையில் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் பிழை விட்டேன்.

பிரான்ஸுக்குப் போய்ச் சேர்ந்த முதல் மாதம் நாவலாசிரியர் ஃப்ளோபேரின் ஒரு பக்கத்தைத் தந்து 'கொமாந்தேர்', அதாவது அந்தப் பக்கத்தை ஆராயும் கட்டுரை, எழுதச் சொன்னார்கள். நானும் உற்சாகமாக ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது 20க்கு 7. (அங்கே 10 எடுத்தால் சித்தி, 14 என்றால் நல்ல புள்ளி, 16க்கு மேலே போனால் வீட்டுக்குக் கோல் எடுத்துச் சொல்லலாம்.) ஓரத்தில் நான்கு இடத்தில் ஒரே சொல் சிவப்பு மையில்: 'பராஃப்ராஸ்'. அகராதியைப் பார்த்தபோது சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அது நம்முடைய பொழிப்புரை! பாட்டைத் தந்து "பொழிப்பு எழுதுக" என்று கேட்டால் புள்ளி அள்ளிய ஆள் நான். ஆசிரியர் சொன்னதை உரைநடையில் அழகாகத் திருப்பிச் சொல்வது இங்கே கெட்டிக்காரத்தனம், அங்கே அதுதான் முதற் குற்றம். என்ன சொல்கிறார் என்பதை விட்டுவிட்டு, அதை ஏன் இந்த வினைக்காலத்தில், இந்த வாக்கிய நீளத்தில், யாருடைய கண்ணால் சொல்கிறார் என்று எழுத வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், என்னைக் காப்பாற்றியதும் அதே உரைப் பழக்கம்தான். நாவலர் பிறந்த ஊர்க்காரருக்குப் பதவுரையும் இலக்கணக் குறிப்பும் புதிதல்ல. பொழிப்பை விட்டுவிட்டு அந்த இரண்டையும் மட்டும் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினேன். அடுத்த தவணை 13.

ஆய்வுக்கு, அங்கே 'மெமுவார்' என்பார்கள், பிரெஞ்சு எழுத்தாளர் அல்பேர் காம்யுவின் 'அந்நியன்' நாவலையும் வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரே செய்த தமிழாக்கத்தையும் எடுத்தேன். 1942இல் வந்த அந்த நாவல் கதை சொல்வதற்கென்றே இருக்கும் எழுத்து நடை இறந்தகாலத்தைப் பெரும்பாலும் தள்ளிவிட்டு, வாயால் பேசும் இறந்தகாலத்தில் போகிறது. தமிழில் இரண்டுமே 'வந்தான்'தான். இன்னொரு இடம்: பக்கத்து வீட்டுக்காரன் ரேமோன் பேச்சுவாக்கில் மரியாதைக்குச் சொல்லும் 'வூ'வை விட்டு நெருக்கமானவர்களிடம் சொல்லும் 'த்யு'வுக்கு இறங்கிவிடுகிறான், கதைசொல்லி அதைப் பிந்தித்தான் கவனிக்கிறான். பிரெஞ்சில் இரண்டு படி. நம் ஊரில் நீங்கள், நீர், நீ என்று மூன்று. நான் இதைச் சொன்னபோது என் பேராசிரியை பேனையை எடுத்து, மூன்றையும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து எழுதிக்கொண்டார். "கலியாணம் பேசி வைத்த இருவர் தங்களுக்குள் எதைச் சொல்வார்கள்?" என்று கேட்டார். நீர் என்றேன். அந்த ஒரு 'நீர்' ஒரு முழு அத்தியாயம் ஆனது. தமிழ் தெரிந்திருப்பது அங்கே குறையில்லை என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

சரி, காசு. 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு அரச பல்கலைக்கழகங்களில் முதுகலைக் கட்டணத்தை வருடத்துக்கு 3,770 யூரோவாக்கினார்கள், பிறகும் கூடியிருக்கிறது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் விலக்குத் தருகின்றன. அவர்களின் தளத்தில் 'எக்ஸொனெராசியோன்' என்ற சொல்லை முதலில் தேடுங்கள். விசாவுக்கு மாதம் 615 யூரோ கணக்கில் ஒரு வருடத்துக்குக் காட்ட வேண்டும் என்பார்கள். மாணவர் வருடத்துக்கு 964 மணித்தியாலம் வேலை செய்யலாம். பாரிஸில் நம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் கடை வைத்திருக்கும் சித்தப்பா "பிள்ளை, இரவு வந்து கல்லாவில் இரு" என்பார். முதல் தவணை இருக்காதீர்கள். அவருக்குக் கோபம் வரும், பிறகு ஆறிவிடும்.

பிரான்ஸ் சரிவராவிட்டால் புதுச்சேரியைப் பாருங்கள். அங்குள்ள மத்திய பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுத் துறை இருக்கிறது. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் அதே ஊரில்தான். கடையில் தமிழில் கதைத்துச் சாமான் வாங்கலாம், பலாலியில் விமானம் ஏறினால் சென்னை. இந்திய அரசின் புலமைப்பரிசில் பற்றி யாழ்ப்பாணத் துணைத்தூதரகத்திலேயே கேட்கலாம். இரண்டாம் பட்சம் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு அப்போது யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

வேலை? 2024 ஜனவரியில் வந்த பிரெஞ்சுக் குடிவரவுச் சட்டம் பத்து வருட வதிவிட அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்று மொழித் தரத்தை ஏற்றிவிட்டது. பிரான்ஸுக்குப் போக இருப்பவர்கள் அதனால் முன்கூட்டியே மொழி படிக்கப் பார்க்கிறார்கள். இன்று என் ரியூசனுக்கு வருபவர்களில் பாதிப்பேர் கணவனிடம் போகக் காத்திருக்கும் பெண்கள். இப்படி மொழி சொல்லிக்கொடுக்க முதுகலை தேவையே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மொழிபெயர்ப்பு, பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் என்றால்தான் அந்தத் தாள் பேசும்.

விண்ணப்பிக்க முன் ஒன்று செய்து பாருங்கள். பிடித்த பிரெஞ்சு நாவலில் ஒரு பக்கம் எடுத்து, கதையில் என்ன நடக்கிறது என்று ஒரு வரிகூடச் சொல்லாமல், அதைப் பற்றிப் பிரெஞ்சில் இரண்டு பக்கம் எழுதுங்கள். எனக்கு முதல் தடவை அரைப் பக்கத்துக்கு மேலே போகவில்லை.