வீட்டுச் செலவெல்லாம் ஏன் ஒரே நேரத்தில் வருகிறது? எதை முதலில் சரிசெய்வது?

கேள்வி: கட்டி 14 ஆண்டுகள் ஆன ஒரு வீட்டை மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கினோம். கடன் தவணையைத் தவிர பெரிய செலவு எதுவும் இருக்காது என்றுதான் நினைத்தோம். ஆனால் இந்த ஓராண்டில் மோட்டார் எரிந்துபோனது, குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறி பெயின்ட் உரிகிறது, போன மாதம் சன்ஷேடின் அடியிலிருந்து ஒரு கான்கிரீட் துண்டு பெயர்ந்து விழுந்தது. மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், ஆளுக்கு ஒரு தொகை கேட்கிறார்கள். எதை முதலில் செய்வது? மாதம் எவ்வளவு எடுத்து வைத்தால் இப்படித் திணறாமல் இருக்கலாம்? தவறான வீட்டை வாங்கிவிட்டோமா?

பதில்: மற்றதெல்லாம் அப்புறம். அந்த சன்ஷேடுக்கு அடியில் யாரும் நிற்காதபடி, நடக்காதபடி இப்போதே ஒரு தடுப்பு வைத்துவிடுங்கள். ஒரு துண்டு விழுந்த இடத்தில் பக்கத்துத் துண்டும் பெரும்பாலும் பிடிப்பு விட்டுத்தான் இருக்கும், அது எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம்.

சரி, தவறான வீட்டை வாங்கிவிட்டோமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் வீட்டுக்கு இப்போது வயது 17. ஒரு வீட்டில் எல்லாப் பொருளும் ஒரே ஆண்டில்தான் பொருத்தப்படுகின்றன, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு. வெளிப்புற பெயின்ட் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் தாங்கும், மொட்டை மாடியில் அடிக்கும் வாட்டர் ப்ரூஃபிங் பூச்சு ஐந்து முதல் பத்து ஆண்டுகள், மோட்டாரும் கெய்சரும் சுமாராகப் பத்து ஆண்டுகள், டைல்ஸ் இடுக்கில் அடைத்த பூச்சும் குழாய் வாஷர்களும் அதற்கும் முன்பே. அதாவது பத்து, பதினைந்து ஆண்டு ஆயுள் உள்ள பொருள்கள் ஒரே ஆண்டில் பிறந்ததால், ஏறக்குறைய ஒரே காலத்தில் முடிகின்றன. முதலில் இருந்தவர்கள் அவற்றின் நல்ல காலத்தை அனுபவித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், மாற்ற வேண்டிய காலம் உங்கள் பங்குக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். பழைய வீடு வாங்கும்போது விலையைப் பேசுகிறோமே தவிர எதற்கு இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி என்று கேட்பதில்லை. உங்களிடம் அதை யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இப்போது சன்ஷேடுக்கு வருவோம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப் பிடித்தால் அந்தத் துரு, முன்பு இரும்பு அடைத்திருந்த இடத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும், சில நேரம் ஆறு மடங்கு வரைகூட. உள்ளிருந்து அது நெட்டித் தள்ளும்போது வெளிப்பக்கம் முதலில் கம்பி ஓடும் திசையில் ஒரு நீள விரிசல் விழும், அப்புறம் உப்பும், அப்புறம் பெயரும். நல்ல கான்கிரீட்டில் இருக்கும் காரத்தன்மைதான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றில் உள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே போகும், அது கம்பி வரை போய்ச் சேர்ந்த பிறகு ஈரமும் கிடைத்துவிட்டால் துரு தொடங்கிவிடும். சன்ஷேடு மெல்லிய பலகை, கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட் கனமும் குறைவு, மேலே மழைநீர் வேறு தேங்கும். அதனால்தான் வீட்டில் முதலில் சிதைவது பெரும்பாலும் சன்ஷேடும் மாடிக் கைப்பிடிச் சுவரின் ஓரமுமாக இருக்கிறது.

இங்கேதான் நிறையப் பேர் காசை வீணாக்குகிறார்கள். விழுந்த இடத்தில் சிமென்ட் கலவையைப் பூசி, மேலே பெயின்ட் அடித்தால் பார்க்கப் புதிதாக இருக்கும், ஆனால் துரு அப்படியே உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும், ஓரிரு மழைக்காலத்தில் பூசியதும் சேர்ந்து விழும். முறையான வேலை என்பது, சுத்தியல் காம்பால் தட்டிப் பார்த்து 'டொப்' என்று வெற்றொலி வரும் பகுதி முழுவதையும் கொத்தி எடுப்பது, கம்பியின் பின்பக்கம் வரை கான்கிரீட்டை விடுவிப்பது, கம்பி பளிச்சென்று தெரியும் வரை துருவைத் தேய்த்து எடுப்பது, துருத்தடுப்புப் பூச்சு, பழையதும் புதியதும் பிடிக்க ஒரு பிணைப்புப் பூச்சு, அதற்குமேல் பாலிமர் கலந்த பழுதுக் கலவை, கடைசியாக சன்ஷேடின் மேல்பக்கத்தில் நீர் வழிந்தோடச் சரிவு. தேய்த்த பிறகு கம்பி கண்ணுக்குத் தெரியும்படி இளைத்திருந்தால் கொத்தனாரோடு நிறுத்தாதீர்கள், கட்டுமானப் பொறியாளர் ஒருவரை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் மொத்தச் செலவில் சிறு பகுதிதான். தட்டிப் பார்ப்பது, கொத்துவது எல்லாம் சாரம் கட்டித் தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை, நீங்கள் நாற்காலி போட்டு ஏற வேண்டாம்.

அடுத்தது அந்த ஓதச் சுவர். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது: ஈரம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, அவரவருக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொல்லியிருக்கிறார்கள். பெயின்ட் வேலை செய்பவர் பூச்சு என்பார், டைல்ஸ் போடுபவர் உடை என்பார், பிளம்பர் குழாய் என்பார். சோதனையை நீங்களே காசில்லாமல் செய்யலாம். ஓதத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மழை பெய்யும் நாள்களில் மட்டும் கோட்டைத் தாண்டிப் போனால் வெளிச்சுவரிலோ மாடியிலோ வழி இருக்கிறது. முடிந்தால் அந்தக் குளியலறையை ஒரு வாரம் பூட்டி வையுங்கள். ஈரம் குறையத் தொடங்கினால் தரை இடுக்கு, கழிவுநீர் போகும் வாய், இவற்றில்தான் சந்தேகம். மழையும் இல்லை, குளியலறையும் பூட்டியிருக்கிறது, ஆனாலும் சுவர் நனைந்துகொண்டே இருக்கிறதா? அப்படியென்றால் சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயைப் பார்க்க வேண்டும், அதில் எப்போதும் அழுத்தம் இருக்கிறது. தரையிலிருந்து முழங்கால், இடுப்பு உயரம் வரை ஒரே மட்டமாக ஏறி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், அதுவும் தரைத்தளமாக இருந்தால், மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது, அதற்கு வைத்தியம் முற்றிலும் வேறு.

குழாய்ச் சந்தேகத்தை உறுதிசெய்ய இன்னொரு வழி. இரவில் படுக்கப் போகும்முன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவையுங்கள், தொட்டிக்குள் புதிதாக நீர் வராதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ போகிறது. குற்றவாளி சுவர்க் குழாய்தான் என்று உடனே உடைக்கப் போகாதீர்கள், முதலில் ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் வண்ணப் பொடி கரைத்துவிட்டு அரைமணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் பாருங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கினால் அங்கே ஒரு ரப்பர் வாஷர் மாற்றினால் போதும். நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாயிலேயே ஒரு நாளைக்கு 20 லிட்டர் அளவுக்குப் போய்விடும், ஃப்ளஷ் டேங்க் கசிவு அதைவிட எவ்வளவோ அதிகமாகவும் சத்தமில்லாமலும் போகும்.

தரைதான் காரணம் என்று தெரிந்தாலும் டைல்ஸை முழுவதும் பெயர்ப்பது கடைசி வழி. இடுக்குகளைச் சுரண்டி எபாக்சி அடைப்பு போடுவது, கழிவுநீர் வாயைச் சுற்றி அடைப்பது, அதன்பின் வாயை மூடி தரையில் ஓரிரு அங்குலம் நீர் தேக்கி ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்ப்பது, இவ்வளவையும் செய்தும் நிற்காவிட்டால்தான் உடைப்பு. எதுவானாலும் ஈரம் நின்று சுவர் நன்றாகக் காயும் வரை பட்டியோ பெயின்டோ அடிக்கவே கூடாது. காய வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில்கூட ஆகும். பொறுமையாக இருங்கள், ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் மறுபடி உரியத்தான் செய்யும்.

மோட்டாரைத் தனி விஷயமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது தனி விஷயமாகத் தெரியவில்லை. குழாயோ ஃப்ளஷ் டேங்கோ கசிந்தால் தொட்டி சீக்கிரம் காலியாகும், மோட்டார் அடிக்கடி ஓடும், கீழே நீர் தீர்ந்த பிறகும் ஓடினால் சூடேறி, உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் எரியும். கசிவைக் கண்டுபிடிக்காமல் புது மோட்டார் மட்டும் வைத்திருந்தால் இதுவும் அதே கதிக்குப் போகலாம். நீரில்லாமல் ஓடினால் தானாக நிற்கும் பாதுகாப்புக் கருவி ஒன்றைச் சேர்த்துப் பொருத்தச் சொல்லுங்கள். கடந்த சில மாத மின் கட்டணத்தையும் எடுத்துப் பாருங்கள், வீட்டில் எதுவும் மாறாமல் அளவு ஏறிக்கொண்டே வந்திருந்தால் கசிவு எப்போது தொடங்கியது என்பதற்குக்கூட அதில் தடயம் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. அந்த ஓதச் சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தால் அந்த இணைப்பை மெயின் பெட்டியில் நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி உங்கள் பெட்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள், உயிர்காக்கும் பாதுகாப்புக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதுதான் வேண்டும். அதன் முகத்திலேயே ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும், அழுத்தினால் அதன் சுவிட்ச் உடனே கீழே விழ வேண்டும், விழாவிட்டால் அது இருந்தும் பயனில்லை. அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் இணைப்பை நிறுத்தும் எம்சிபி இருக்கிறதே, போதாதா என்று கேட்பார்கள். போதாது. அது ஒயரைக் காக்கும், ஆளைக் காக்காது.

இனி பணம். வீட்டு மதிப்பில் ஆண்டுக்கு 1 சதவீதம் ஒதுக்குங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் மனையின் விலையைச் சேர்க்கக் கூடாது, மண்ணுக்கு யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. அதே கட்டடத்தை இன்று கட்டினால் என்ன ஆகும் என்பதுதான் கணக்கு. புது வீட்டுக்கு 1 சதவீதமே மிச்சம் பிடிக்கும், உங்களைப்போல 15 ஆண்டைத் தாண்டிய வீட்டுக்கு 2 சதவீதம் வரை வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் இதைவிட எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் மாடிப் பூச்சு, வெளிப்புற பெயின்ட், மோட்டார், கெய்சர், தொட்டி, ஒயரிங் என்று எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் இன்று மாற்ற ஆகும் செலவையும் மிச்சமிருக்கும் ஆண்டுகளையும் போடுங்கள். செலவை ஆண்டால் வகுத்து, அதைப் 12-ஆல் வகுத்தால் அந்தப் பொருளுக்கு மாதம் எவ்வளவு என்று வந்துவிடும். எல்லாவற்றையும் கூட்டினால் உங்கள் வீட்டுக்கே உரிய தொகை கிடைக்கும். ஆயுள் ஏற்கெனவே முடிந்த பொருள்களை இதில் சேர்க்காதீர்கள், அவை சேமித்துச் செய்யும் செலவு அல்ல, இந்த ஆண்டே செய்ய வேண்டியவை. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் இதனால் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும், பிறகு இறங்கும். அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள், வீட்டுச் செலவுக் கணக்கோடு கலந்தால் நிற்காது.

சின்ன விஷயங்களும் பெரிய செலவைத் தள்ளிப்போடும். கெய்சர் தொட்டிக்குள் மெக்னீசியத்தில் ஒரு கம்பி இருக்கும், தொட்டி அரிக்காமல் இருக்க அது தன்னைக் கரைத்துக்கொள்ளும். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை அதைப் பார்த்து மாற்றினால் தொட்டி ஓட்டையாகாமல் நீண்ட நாள் வரும், ஆனால் பெரும்பாலான வீடுகளில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மழைக்காலத்துக்கு முன் மாடியில் நீர் போகும் வாய்களில் இலை, குப்பை அடைத்திருக்கிறதா என்று பார்க்க பத்து நிமிடம் போதும்.

அந்த மூன்று விலைப்புள்ளிகளைப் பற்றி. இப்போது இருப்பதை வைத்து ஒப்பிடாதீர்கள், அவை ஒரே வேலைக்கான விலைகளே அல்ல. மேலே சொன்ன சோதனைகளைச் செய்து, காரணம் தெரிந்தபின், என்ன வேலை என்பதை நீங்களே எழுதி மூவரிடமும் கொடுங்கள்: எத்தனை சதுர அடி, எந்தப் பொருள், எத்தனை பூச்சு, சாரம் கட்டும் செலவும் இடிபாட்டை அள்ளும் செலவும் இதில் சேர்ந்ததா, உடைத்த இடத்தைப் பூசி பெயின்ட் அடித்துக் கொடுப்பது யார் பொறுப்பு. பட்ஜெட்டை மீற வைப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி மூன்றும்தான். பழைய வீட்டில் உடைத்தபின் புதிதாக ஏதாவது தெரியவரும், அதனால் பேசிய தொகைக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் கையில் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள். கசிவு வேலைக்கு ஒரு பகுதியை, 10 சதவீதமாவது, முதல் பெருமழை அல்லது நீர் தேக்கும் சோதனை முடியும் வரை நிறுத்தி வைப்பதாக ஆரம்பத்திலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். நல்ல வேலைக்காரர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

அப்புறம், சுவரை உடைத்துக் குழாய் தெரியும்போது, மூடுவதற்கு முன் ஒரு அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து எவ்வளவு உயரம், மூலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டும். அடுத்த முறை அந்தச் சுவரில் ஆணி அடிக்கும்போதோ, இன்னொரு பிளம்பர் வரும்போதோ, முழுச் சுவரையும் கொத்தாமல் ஒரு கையகலம் மட்டும் கொத்தினால் போதும். மாற்றும் டைல்ஸிலும் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் வைத்துவிடுங்கள், ஐந்து ஆண்டு கழித்து அதே நிறம், அதே அளவு கடையில் கிடைப்பது அபூர்வம்.