டாக்டர் கனவு: பள்ளிப் பிள்ளைகளுக்கான கேள்வி-பதில்

மகள் எட்டாவது படிக்கிறாள். இப்போதே நீட் கோச்சிங்கில் சேர்க்கலாமா? (நாமக்கல்)

வேண்டாம். கணக்கையும் அறிவியலையும் பள்ளிப் புத்தகத்தில் ஒழுங்காகப் படிக்கட்டும்.

என் பையனுக்கு சீட் கிடைக்குமா? (ஊர் இல்லை)

மார்க் இல்லை, வகுப்பு இல்லை, எந்தப் பிரிவு என்றும் இல்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை.

6, 7 அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தேன். 8 முதல் அரசுப் பள்ளி. மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% ஒதுக்கீடு உண்டா? (செஞ்சி)

இல்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும். தனியார் பள்ளியில் கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் 8 வரை படித்து, 9 முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. உதவி பெறும் பள்ளி வேறு, அரசுப் பள்ளி வேறு. மருத்துவச் சேர்க்கைத் தகவல் கையேட்டைப் படியுங்கள்.

பள்ளியில் 11-லேயே 12-ஆம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிட்டார்கள். 11-க்குப் பொதுத்தேர்வும் இல்லை. நல்லதுதானே? (திருப்பூர்)

எதில் நல்லது? இந்தப் பழக்கத்துக்குக் கடிவாளம் போடத்தான் 2017-18-இல் 11-க்குப் பொதுத்தேர்வே வந்தது. 2025-26-இல் அதை எடுத்தார்கள், பழைய கதை மறுபடி தொடங்கிவிட்டது. பள்ளி வாசல் பேனரில் 12-ஆம் வகுப்பு மார்க் மட்டும்தானே ஏறும்! ஆனால் நீட்டின் 180 கேள்விகளில் ஏறக்குறைய பாதி 11-ஆம் வகுப்புப் பாடம். இதயம், சிறுநீரகம், நரம்பு மண்டலம் எல்லாம் அங்கேதான். போன மாதம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவியின் விலங்கியல் புத்தகங்களைக் கேட்டு வாங்கினேன். 12-ஆம் வகுப்புப் புத்தகம் அட்டை கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. 11-ஆம் வகுப்புப் புத்தகத்திலோ இதயப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பென்சில் கோடுகூட இல்லை. டாக்டருக்குப் படிக்கப்போகிற பிள்ளை! பள்ளி நடத்தாவிட்டால் வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் 11-ஆம் வகுப்புப் பாடத்துக்கு ஒதுக்குங்கள். கோச்சிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், அங்கே பாடத்தை வேகமாக ஓட்டிவிடுவார்கள்.

உயிரியல் இல்லாத குரூப்பில் சேர்ந்துவிட்டேன். வழி உண்டா? (கரூர்)

உண்டு. 12 முடித்தபின் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் தேசிய மருத்துவ ஆணையம் 2023 முதல் ஏற்கிறது. ஆனால் சுற்றுவழி. 11-ஆவதிலேயே மாற முடிந்தால் மாறிவிடுங்கள்.

வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படிக்க நீட் வேண்டாம் என்கிறாரே ஏஜென்ட்? (தூத்துக்குடி)

ஏஜென்டை மாற்றுங்கள். நீட்டில் தகுதி பெறாமல் போனால், திரும்பி வந்து இங்கே தொழில் செய்ய உரிமம் கிடைக்காது. 54 மாதப் படிப்பா, ஆங்கில வழியா, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி உண்டா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

சேரும் ஆண்டு டிசம்பரில் மகனுக்கு 16 வயது 11 மாதம். சேர முடியுமா? (ஆம்பூர்)

முடியாது. டிசம்பர் 31-க்குள் 17 நிறைய வேண்டும். இதுவும் கையேட்டில் இருக்கிறது.

பிசி சான்றிதழ் இருக்கிறது, போதாதா? (தேனி)

மாநில ஒதுக்கீட்டுக்குப் போதும். அரசு மருத்துவக் கல்லூரிகளின் 15% அகில இந்திய இடங்களுக்கு மத்திய அரசின் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். கலந்தாய்வுக்கு முந்தைய நாள் இ-சேவை மையத்தில் போய் நிற்காதீர்கள். அப்புறம், ஆதாரில் உள்ள பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு பொருந்துகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.