‘மஹார் மூன்றரை’ என்றால் எவ்வளவு?

கேள்வி: ஜாவாவின் சோலோ நகரத்துக்குப் போகும்போது கெரிஸ் குறுவாள் ஒன்று வாங்க ஆசை. படம் அனுப்பிய கடைக்காரர், "பிலா செபூ, தாங்கு மாதாராம், மஹார் தீகா செதெங்கா" என்கிறார். விலையைச் சொல்லவே இல்லையே? பேரம் பேசலாமா?

பதில்: சொல்லிவிட்டார். மஹார் என்பதுதான் விலை. கெரிஸை விற்பதாகச் சொல்வது மரியாதைக் குறைவு என்று, கல்யாணத்தில் கொடுக்கும் மஹர் தொகையின் பெயரால் சொல்கிறார்கள். அதைக் கேட்டுக் கூச்சப்பட வேண்டாம், பேரம் உண்டு. தீகா செதெங்கா என்றால் மூன்றரை. இந்த வியாபாரத்தில் அது பெரும்பாலும் ஜூத்தா (பத்து லட்சம்) கணக்கு, அதாவது 35 லட்சம் ரூபியா. தெருவோரக் காக்கி லீமா கடையில் "லீமா பூலு" என்றால் 50 இல்லை, 50,000. ‘ரீபு’வை (ஆயிரத்தை) வாயில் விழுங்கிவிடுவார்கள். எதற்கும், ரீபுவா ஜூத்தாவா என்று கேட்டுவிடுங்கள்.

பிலா என்பது அலகு, வாராங்கா என்பது உறை. பழைய அலகுக்குப் புது உறை போடுவது சகஜம், அதில் மோசடி இல்லை. ஆனால் செபூ (பழையது) என்றது எதை என்று தனித்தனியாகக் கேளுங்கள். தாங்கு என்பது எந்தக் காலம், எந்த ஊர் என்ற கணிப்பு (மாதாராம் ஜாவாவின் பழைய அரசு), சான்றிதழ் அல்ல. அதற்காக மட்டும் நான் கூடுதல் பணம் தரமாட்டேன்.

காசு போகிற இடம் பாமோர். இரும்போடு நிக்கல் சேர்த்து மடித்து அடிப்பதால் வரும் வெள்ளைக் கோலம் அது. மேலே அமிலத்தால் வரைந்தும் விற்பார்கள். உண்மையானது உலோக அடுக்கிலேயே இருக்கும். அலகின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் அடுக்குகளின் கோடு தெரிய வேண்டும். விண்கல் பாமோர் என்றால் சிரித்துக்கொண்டே கேளுங்கள், விலையை ஏற்றாதீர்கள். வளைவுகளை (லுக்) எண்ணிப் பாருங்கள்: ஒற்றைப்படையில்தான் வர வேண்டும். இரட்டைப்படை வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள், அப்புறமும் அப்படியே என்றால் வேறு கடை. அலகில் பூசுகிற வாராங்கான் கரைசலில் ஆர்செனிக் உண்டு, தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

பேரத்துக்கு "பிசா குராங்?" (குறையுமா?) போதும். "ஹார்கா பாஸ்" என்று பதில் வந்தால் ஒரே விலை. காலையில் முதல் ஆளாகப் போனால் பெங்லாரிஸ், நம்ம ஊர் போணியேதான், கொஞ்சம் இறங்குவார்கள். "மோடால்கூட வரவில்லை" என்று புலம்புவார்கள். அந்த மோடால் நம் முதல் என்ற சொல்தான், புலம்பலும் அதேதான்.

கேள்வி: ரசீது அவசியமா?

பதில்: அவசியம். குயிடான்சி என்று கேளுங்கள். 50 லட்சம் ரூபியாவுக்கு மேல் போனால் 10,000 ரூபியா மெத்தெராய் முத்திரை ஒட்ட வேண்டும். 1945-க்குப் பின் (நாடு விடுதலை அடைந்த பின்) செய்தது என்றால் "காமார்டிகான்" என்று எழுதி வாங்குங்கள். இந்தோனேசியாவின் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி 50 வருடம் தாண்டிய பொருள் பண்பாட்டுச் சின்னமாகக் கருதப்படலாம். அப்படியானதை அனுமதியின்றி நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது. எனவே ஊருக்குக் கொண்டுவர எண்ணினால் புதிய வேலைப்பாடே தொல்லை குறைவு. மதுராத் தீவின் சுமெனெப் பட்டறைகளில் நல்லதாகவே செய்கிறார்கள். விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், செக்-இன் பெட்டியில் போடுங்கள்.