பில் போட்டால் சேவை இல்லையா?

கேள்வி: வேலூர் போக, சென்ட்ரலில் காட்பாடிக்கு ரயில் ஏறும் நோயாளிகளைத் தினமும் பார்க்கிறேன். ‘வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) லாப நோக்கம் இல்லாத மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி’ என்கிறார்கள். ஆனால் பில் போடுகிறார்கள். பில் போட்டால் அப்புறம் என்ன சேவை? நம் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் காசு கேட்பதில்லை, ஆனால் படிக்கிற பசங்கள் கையில் உடம்பைக் கொடுக்கப் பயமாக இருக்கிறதே?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: ஒரே கேள்வியில் இரண்டு ஆஸ்பத்திரிகளையும் அடித்துவிட்டீர்கள். அங்கே காசு வாங்குகிறார்கள், அதனால் சேவை இல்லை. இங்கே காசு வாங்குவதில்லை, அதனால் நம்பிக்கை இல்லை. உங்களுக்கு வைத்தியம் பார்க்க எந்த டாக்டர்தான் தேறுவார்?

லாப நோக்கம் இல்லை என்றால் இலவசம் என்று உங்களுக்கு யார் சொன்னது? நர்ஸுக்குச் சம்பளம் உண்டு, ஆக்சிஜனுக்கு விலை உண்டு, கரன்ட் பில் உண்டு. செலவு போக மிஞ்சுவது யார் பைக்குப் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கம்பெனி ஆஸ்பத்திரி என்றால் பங்குதாரருக்குப் போகலாம். வேலூரில் பங்குதாரரே கிடையாது. மிஞ்சியது ஆஸ்பத்திரிக்குள்ளேயே சுற்றியாக வேண்டும். தனி அறையில் படுத்தவர் கட்டும் பணத்தில் ஒரு பங்கு, பொது வார்டில் கட்ட முடியாமல் நிற்பவருக்குப் போகும். பெயர்ப்பலகையில் ‘டிரஸ்ட்’ என்று எழுதிவிட்டு, அப்பா தலைவர், பிள்ளை செயலாளர், கட்டட வாடகை மருமகளுக்கு என்று நடத்துகிறவர்களும் உண்டு. உங்கள் சந்தேகத்தை அவர்களுக்காக எடுத்து வையுங்கள்.

வேலூர் கதை திண்டிவனத்தில் ஆரம்பிக்கிறது. ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்தவர், சி.எம்.சி.யை ஆரம்பித்த ஐடா ஸ்கடர், டாக்டரான அப்பாவுடன் அங்கே தங்கியிருந்த சமயம். ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் தனித்தனியாக வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் மனைவிக்கும் பிரசவத்தில் சிக்கல். அப்பா வருகிறார் என்றால் வேண்டாம், ஆண் டாக்டர் கூடாது. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தார். 1902-ல் 40 படுக்கை ஆஸ்பத்திரி ஆயிற்று.

ஆனால் ஒரு பெண் டாக்டர் எத்தனை கதவுக்கு ஓட முடியும்? அதனால்தான் 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. மூன்று பேர்கூட விண்ணப்பிக்க மாட்டார்கள் என்று கேலி பேசினார்கள். முதல் வருடமே வந்தது 151 விண்ணப்பம். ஆக, அங்கே கல்லூரி என்பது பிற்பாடு ஒட்டவைத்த வால் இல்லை. ஆஸ்பத்திரி எதற்காக வந்ததோ, அதற்காகவே கல்லூரியும் வந்தது.

சரி, நம்ம ஏரியாவுக்கு வருவோம். 1782-ல், ஹைதர் அலியோடு நடந்த சண்டையிலும் பஞ்சத்திலும் ஊரை விட்டு ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடம் மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரன் வாயில் ‘மோனிகர் சௌல்ட்ரி’ ஆயிற்று. பசித்து வந்தவரில் பாதிப் பேருக்கு நோயும் இருக்குமே! கஞ்சியோடு மருந்தும் சேர்ந்தது. பின்னால் ராயபுரம் மருத்துவப் பள்ளி வந்தது, 1938-ல் அது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. வேலூர், ராயபுரம் இரண்டு பள்ளிகளும் முதலில் எல்.எம்.பி. என்ற டிப்ளமோ டாக்டர்களைத்தான் தயார் செய்தன. பிறகு எம்.பி.பி.எஸ். வந்தது. ஸ்டான்லி அரசு பக்கம் போனது, சி.எம்.சி. திருச்சபைகள் பக்கம் நின்றது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். வேலூர் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், செங்கல்பட்டில் ஒரு தொழுநோயாளியின் மடங்கிப்போன கைக்குள் தன் கையை வைத்து, இறுக்குங்கள் என்றார். பிடி உயிர் போகிற மாதிரி வலித்தது. செத்துப்போன கை என்று ஊர் ஒதுக்கிய கைக்குள் நல்ல தசை இருக்கிறது! நல்ல தசையின் நாணை (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு) எடுத்து, நரம்பு போன விரலுக்கு மாற்றிக் கட்டலாம். 1948-ல் தொடங்கி அதைச் செய்து காட்டினார்கள். இப்போது சர்க்கரை நோயாளிகள் மாட்டிக்கொண்டு நடக்கும் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பும் அந்த வேலையின் தொடர்ச்சிதான். மரத்த பாதத்துக்காக யோசித்தது.

வடசென்னைக்குக் கையில் வந்த நோய் வேறு. லேத், பிரஸ், கட்டிங் மெஷின். விரல் போகாத தெரு உண்டா இங்கே? அதனால்தான் ஸ்டான்லியில் கைக்கென்றே தனிப் பிரிவு. டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்தது அது. வாசலுக்கு வந்த நோயே பாடமாகிறது.

எங்கள் அச்சகத்தில் பைண்டர் ஒருவருக்கு இரண்டு விரல் கட்டிங் மெஷினில் மாட்டியது. ஸ்டான்லியில் சேர்த்து, மறுவாரம் பார்க்கப் போனேன். பேராசிரியரைச் சுற்றி ஏழெட்டு மாணவர்கள். ஒரு பையன், “அண்ணே, இந்த விரலை மட்டும் மடக்குங்க” என்று நடுமூட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னான். பேராசிரியர் எந்த நாண் என்று கேட்டார். பையன் தப்பாகச் சொன்னான். திரும்பப் பிடிக்கவைத்தார், திரும்பக் கேட்டார். மூன்றாம் தடவை சரியாகச் சொன்னான். அத்தனை பேரும் குனிந்து அந்த ஒரு விரலையே பார்த்தார்கள். காசு கொடுத்தாலும் அத்தனை கண்கள் கிடைக்குமா சொல்லுங்கள்! அவர்கள் நகர்ந்ததும் பைண்டர் என்னிடம் சொன்னார்: “என் கையை வச்சு ஒருத்தன் பாஸ் ஆயிடுவான் சார்.”

பெஞ்சில் காத்திருக்க வேண்டும், வார்டில் கூட்டம் இருக்கும். அதெல்லாம் இல்லை என்று நான் சொல்லவில்லை. வேலூர்தான் போவேன் என்றாலும் தாராளமாகப் போய் வாருங்கள், கட்ட முடியாவிட்டால் அங்கேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு காலை ஆட்டோ பிடித்து, டிரைவர் வயதானவராக இருந்தால், ஸ்டான்லி என்று சொல்லாமல் “கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி” என்று சொல்லிப் பாருங்கள். வழி கேட்காமல் கொண்டுபோய் விடுவார்.