முழங்காலில் தெரிந்த கரும்பட்டை

கேள்வி: என் 7 வயது மகள் வலது முழங்கால் வலிக்கிறதென்று மூன்று வாரமாக நொண்டி நடக்கிறாள். எலும்பு ஸ்கேன் எடுத்தோம். படத்தில் இரண்டு முழங்காலிலும் கன்னங்கரேலென்று பட்டைகள். வலது தொடையில் ஒரு புள்ளி. 'முழங்கால்கள் இயல்பு, தொடையில் சிறுநீர்க் கறையாக இருக்கலாம்' என்கிறது ரிப்போர்ட். கறுப்பாகத் தெரிந்தால் புற்றுநோய் என்கிறார்களே டாக்டர்?

பதில்: இந்தப் படத்தில் கறுப்பு என்றால் நோய் என்று அர்த்தமில்லை. ஊசியில் போட்ட டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்து, புது எலும்பு மும்முரமாக உருவாகும் இடத்தில் அதிகம் சேரும்; சேர்ந்த இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். வளரும் பிள்ளைக்கு அந்த இடம், எலும்பின் நுனிக்கருகே உள்ள வளர்ச்சித் தட்டு. முழங்காலைச் சுற்றி அதற்கு வேலை அதிகம். உங்களுக்கே இந்த ஸ்கேன் எடுத்தால் அந்தப் பட்டை இருக்காது.

நான் முதலில் பார்ப்பது பட்டையின் ஓரத்தை. கத்தியால் வெட்டினாற்போல் தெளிவாக, இரு பக்கமும் ஒத்திருந்தால் நிம்மதி. ஒத்திருப்பது மட்டும் போதாது; நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் இரு பக்கமும் ஒன்றுபோலப் பரவி ஓரத்தை மங்கலாக்குவதுண்டு. ஆனால் பிள்ளை அசைந்தாலோ கால் கொஞ்சம் திரும்பியிருந்தாலோகூட அதே மங்கல்தான். அசையாமல் படுக்கவைக்க அவ்வளவு பாடுபடுவது அதற்காகத்தான்.

தொடைப் புள்ளிக்கு வருகிறேன். 'இருக்கலாம்' என்று நிறுத்தியது எனக்குப் பிடிக்கவில்லை. மருந்து சிறுநீரில் வெளியேறுவதால் ஒரு சொட்டு பட்டாலே கரும்புள்ளி விழும். தோலைத் துடைத்து, உடையை மாற்றி, அப்போதே மறுபடி எடுத்திருந்தால் சந்தேகம் தீர்ந்திருக்கும். எடுத்தார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் பக்கவாட்டுப் படம் இருக்கிறதா என்று கேளுங்கள். புள்ளி எலும்பை விட்டு விலகித் தோலோரம் நின்றால் அநேகமாகக் கறைதான். இனி மறுபடி எடுக்கப் புது ஊசி வேண்டும். ஏனென்றால் டெக்னீசியத்தின் கதிர்வீச்சு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும்; அன்று போட்டது இந்நேரம் தீர்ந்திருக்கும்.

சரி, வலி? ஸ்கேன் இயல்பு என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள். குழந்தைகளுக்கு எலும்பில் கிருமித்தொற்று பெரும்பாலும் வளர்ச்சித் தட்டை ஒட்டியே தொடங்கும். அந்தக் கறுப்புக்குள் ஒளிந்துகொள்ளும். காய்ச்சலோ, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலியோ, வீக்கமோ இருந்தால் உடனே காட்டுங்கள், எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். அவை இல்லாவிட்டாலும் மூன்று வாரம் நொண்டுகிற பிள்ளையை எலும்பு மருத்துவர் நேரில் பார்த்தே ஆகவேண்டும். அப்புறம், இடுப்பு மூட்டையும் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிலசமயம் பிள்ளை முழங்காலைக் காட்டும், கோளாறு இடுப்பில் இருக்கும்.